திருமண வரவேற்பில் பழைய ஃபேஷன் நகை: முழுமையான வழிகாட்டி

பழைய ஃபேஷன் நகையை வரவேற்புக்கு அணிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நகையை வாங்குவதில் தொடங்குகிறார்கள். வரிசை அங்கேயே தவறிவிடுகிறது.

இங்கே ஃபேஷன் நகை என்பது ஏறக்குறைய 1920-களிலிருந்து 1970-கள் வரை கண்ணாடிக்கல், போலி முத்து, பித்தளை, வெள்ளீயக் கலவை, பிளாஸ்டிக் ஆகியவற்றால் செய்யப்பட்ட நகை. பொன்னும் வைரமும் இதில் இல்லை. தங்க நகைக்குப் பழகிய கை இவற்றையும் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்க்கும். அரை மணி நேரத்தில் அறுபது ஆண்டு நகை முடிந்துவிடும்.

கீழே உள்ள வரிசை மூன்று மாத அவகாசத்தை வைத்து எழுதியது. ஆறு வாரம்தான் இருக்கிறது என்றால் ஏழாம் பகுதியில் வரும் புரோச் பூச்செண்டை விட்டுவிடுங்கள். மற்றவற்றுக்கு நேரம் கிடைக்கும்.

1. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல், கிராம் காட்டும் சமையல் தராசு, பஞ்சுக் குச்சிகள், மரப் பல்குச்சிகள், மென்மையான தூரிகை, பஞ்சு பிரியாத துணி, சிறு ஜிப் பைகள், ஒரு நோட்டுப் புத்தகம். தராசு எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். ஆறாம் பகுதியில் தெரியும்.

2. உடையும் விளக்கும் முடிவான பிறகே நகை

ரைன்ஸ்டோன் என்பது பின்பக்கம் ரசம் பூசிய கண்ணாடிக்கல். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் எப்படியோ, இதற்கும் அப்படித்தான். அது மின்னுவதற்குச் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் வேண்டும். மெழுகுவர்த்தி, சரவிளக்கு, குட்டி பல்புத் தோரணம் ஆகியவற்றின் கீழ் சாதாரண நெக்லஸும் துள்ளும். கூரை முழுவதும் பரவிய வெள்ளை எல்.இ.டி. பலகையின் கீழ் அதே நெக்லஸ் சாம்பல் பூத்ததுபோல் கிடக்கும்.

ஆகவே மண்டபத்தை முடிவு செய்ததும், வரவேற்பு நடக்கும் அதே மாலை வேளையில், அன்று எரியப்போகும் அதே விளக்குகளைப் போடச் சொல்லி, ஏதேனும் ஒரு கல் புரோச்சை (உடையில் ஊசியால் குத்தும் நகை) அங்கே எடுத்துப்போய்ப் பாருங்கள். ஒளி பரவலாக இருந்தால் கல் நகையை விட்டுவிட்டு முத்து, எனாமல், பொன்முலாம், ஒளிபுகாத கண்ணாடி ஆகியவற்றுக்குப் போய்விடலாம். அவை எந்த வெளிச்சத்திலும் தங்கள் நிறத்தைக் காட்டும்.

வானவில் பூச்சுக் கற்களை விரும்புகிறவர்கள் மேடை விளக்கின் நிறத்தையும் கேட்டு வைக்க வேண்டும். ‘அரோரா போரியாலிஸ்’ என்ற இந்தப் பூச்சைக் கண்ணாடிக்கல் செய்யும் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் 1950-களின் நடுவில் கொண்டுவந்தது. வெள்ளை ஒளியைப் பல நிறமாகப் பிரித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. நீலமோ ஊதாவோ மட்டும் அடிக்கும் விளக்கில் பிரிப்பதற்கு வேறு நிறம் ஏது? ஒற்றை நிறக் கல்லாகத்தான் தெரியும்.

அடுத்தது உடையின் கழுத்து. பழைய நெக்லஸ்கள் பல 35 முதல் 40 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். கழுத்தை ஒட்டி நிற்கும். உடை தைத்து முடிந்த பிறகுதான் நெக்லஸின் கீழ் விளிம்பு துணியில் இடிக்கிறதா என்பது தெரியும். இடித்தால் மாலை முழுவதும் கல்லின் கவ்வு நூலை இழுத்துக்கொண்டிருக்கும். கழுத்துச் சுற்றளவை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு நகை தேடப் போங்கள்.

3. முன்பக்கத்தைப் பார்க்கும் முன் பின்பக்கம்

நகையைக் கையில் எடுத்தவுடன் திருப்புங்கள். அழகை ரசிக்க நேரம் இருக்கிறது. அழகில் மயங்கியவர் பழுதைப் பார்க்க மாட்டார்.

முதலில் உலோகம். மூட்டுகளிலும் கொக்கியிலும் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். மேலோட்டமான களிம்பு துடைத்தால் போகும். உலோகம் குழிந்து, முலாம் செதிலாக எழும்பியிருந்தால் அரிப்பு உள்ளே போய்விட்டது; அந்த நகையை விட்டுவிடுங்கள்.

பிறகு கொக்கியும் ஊசியும். கொக்கியை இருபது முறை திறந்து மூடுங்கள். இருபது முறை அதிகம் என்று தோன்றும். ஒத்திகை, அணிதல், கழற்றுதல் எல்லாம் சேர்த்தால் அதற்கு மேலேயே வரும். புரோச்சின் ஊசி மூடியபின் அசையக் கூடாது. மிகப் பழைய புரோச்சுகளில் ஊசி வெறும் வளைவு ஒன்றில் படுத்திருக்கும், பூட்டு இருக்காது. வேண்டாம் என்று சொல்லவில்லை; அணியும் முறை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது முன்பக்கம் திருப்பி ஒவ்வொரு கல்லாக. கல்லை நேராகப் பார்த்தால் ஒளி உங்கள் கண்ணுக்குத் திரும்பி வர வேண்டும். சாம்பலாகவோ, மஞ்சளாகவோ, கறுப்புப் புள்ளியுடனோ தெரிந்தால் ரசம் போய்விட்டது என்று பொருள். எத்தனை துடைத்தாலும் அது மீளாது, மாற்றத்தான் வேண்டும். நாற்பது கல்லில் இரண்டு போயிருந்தால் வாங்கலாம். பத்து போயிருந்தால், பழுது பார்ப்பதற்கான உதிரிக் கற்களுக்காக மட்டும் வாங்கலாம்.

தட்டையான ஒரு மேசையில் நகையை வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். தளர்ந்த கல் சன்னமாகக் கிலுகிலுக்கும். கண்ணுக்குத் தெரியாத தளர்ச்சி காதுக்குத் தெரியும்.

பின்பக்க முத்திரைகளை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம், ஓரளவுக்கு. வட்டத்துக்குள் ‘சி’ எழுத்துப் பதிப்புரிமைக் குறி இருந்தால் பெரும்பாலும் 1955-க்குப் பிந்தையது. டிரிஃபாரி நிறுவனம் அந்த ஆண்டு அமெரிக்க நீதிமன்றத்தில் வென்ற வழக்குக்குப் பிறகே அந்தக் குறி நகைகளில் பரவியது. ‘மேற்கு ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். விற்பவர் 1930-களின் நகை என்று சொல்லி, பின்னால் பதிப்புரிமைக் குறி இருந்தால் புன்னகைத்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

வெள்ளியைக் குறிக்கும் ‘ஸ்டெர்லிங்’ என்ற முத்திரை வேறொரு காரணத்துக்காக முக்கியம். இரண்டாம் உலகப் போரில், 1942 முதல், வெள்ளீயம் போன்ற உலோகங்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அமெரிக்க நகை நிறுவனங்கள் வெள்ளிக்கு மாறின. அதன்மேல் பொன்முலாம் பூசின. அத்தகைய நகையை வெள்ளிப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முலாம் உரிந்து வெறும் வெள்ளி எட்டிப் பார்க்கும்.

முத்திரையே இல்லாததால் நகை தாழ்ந்தது என்று நினைக்காதீர்கள். மிரியம் ஹாஸ்கெல் நிறுவனத்தின் தொடக்க கால நகைகளிலேயே முத்திரை கிடையாது. அவற்றில் மணிகளை மெல்லிய கம்பியால் கையால் கட்டியிருப்பார்கள். பின்பக்கம் திருப்பினால் அந்தக் கட்டு வேலைதான் கையெழுத்து.

இரண்டு உடைந்த நகைகளின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கிய நகையும் சந்தையில் உண்டு. சேகரிப்பாளர்கள் அதற்கு வைத்த பெயர் ‘மணம் முடித்த நகை’. வரவேற்புக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பற்றவைத்த இடத்தில் உலோகத்தின் நிறம் மாறியிருக்கும். அந்த மூட்டு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அணியுங்கள்.

4. சுத்தம் செய்வது, அதுவும் நனைக்காமல்

முதல் முறை நான் ஒரு கல் நெக்லஸை வெதுவெதுப்பான சோப்பு நீரில் போட்டேன். எடுக்கும்போது பளபளவென்று இருந்தது. மறுநாள் காலை நடுக் கற்கள் நான்கு கறுத்திருந்தன. தண்ணீர் கல்லுக்கும் அது பதிந்திருக்கும் உலோகக் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஏறி உட்கார்ந்துவிடும். வெளியே வர வழி கிடையாது. உள்ளேயே இருந்து ரசத்தை அரிக்கும்.

சரியான முறை இது. முதலில் உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பிறகு பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தொட்டு, துணியில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். நகையைத் தலைகீழாகப் பிடித்துக் கல்லின் முகத்தை மட்டும் துடையுங்கள். அப்படிப் பிடித்தால் ஈரம் கீழே வடியும், கிண்ணத்துக்குள் ஏறாது. உடனே உலர்ந்த குச்சியால் ஒற்றி, முகம் கீழாகவே துணிமேல் கிடத்தி ஓர் இரவு விடுங்கள்.

களிம்பை மரப் பல்குச்சியால் சுரண்டுங்கள். உலோக ஊசி முலாமைக் கீறும். மிச்சம் இருந்தால் வினிகர் தொட்டு ஒற்றிய குச்சி, அதன்பின் தண்ணீர் தொட்டு ஒற்றிய குச்சி, பின்பு குளிர்ந்த காற்று. களிம்பு பிடித்த நகையை மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள்.

கண்ணாடி துடைக்கும் திரவம், சாராயம் கலந்தவை, அதிர்வலையில் சுத்தம் செய்யும் கருவி மூன்றும் வேண்டவே வேண்டாம். போலி முத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். அதன் பளபளப்பு, கண்ணாடி மணிமேல் பூசிய ஒரு மெல்லிய தோல் மட்டுமே. நகப்பூச்சு நீக்கி ஒரு துளி பட்டால் தோல் கழன்று வரும்.

5. பழுது பார்ப்பதற்குக் கடைசி நாள்: வரவேற்புக்கு இரண்டு வாரம் முன்பு

உடனடிப் பசையால் கல்லை ஒட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் பிடிப்பது. அந்தப் பசை உலரும்போது எழும் ஆவி சுற்றியுள்ள கற்களின்மேல் வெண்மையாகப் படியும். ஒரு கல்லைக் காப்பாற்றப் போய் ஆறு கல் மங்கும். காய்ந்தபின் அது நொறுங்கும் தன்மையுடையது. ஒரு தட்டுத் தட்டினால் கல் மறுபடி விழும்.

நகைக்கென்று விற்கும் மெதுவாக உலரும் பசையை வாங்குங்கள். முழுப் பலம் பெற ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இரண்டு வாரக் கெடு அதற்காகத்தான்: ஒட்டியது நிற்கிறதா என்று பார்க்கவும், நிற்காவிட்டால் மறுபடி ஒட்டவும் நாள் வேண்டும்.

கிண்ணத்தின் அடியில் உள்ள பழைய பசையைப் பல்குச்சியால் முழுவதும் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் விட்டாலும் புதுக் கல் அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும், துணியில் மாட்டும். கல்லின் விட்டத்தை மட்டும் அளந்தால் போதாது. அடி கூர்மையா தட்டையா என்றும் பாருங்கள். விட்டம் நான்கு மில்லிமீட்டர் என்று சரியாக வாங்கி வந்து, அடி ஒத்துவராமல் விழித்தவர்கள் பலர்.

நிறமும் ஏமாற்றும். புதிய கல் குளிர்ந்த வெண்மை. பழைய கற்களுக்கு நடுவில் புதுப் பல் வைத்ததுபோல் தெரியும். அதே காலத்து உடைந்த நகையிலிருந்து எடுத்த கல்தான் இழையும்.

முத்து மாலையைக் கொக்கியைப் பிடித்துத் தூக்குங்கள். கொக்கிக்குப் பக்கத்தில் நூல் வெளியே தெரிந்தால் நூல் நீண்டு நைந்துவிட்டது. அணிந்து பார்க்காமலேயே மறுபடி கோக்கக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சு போட்டுப் பட்டு நூலில் கோக்கச் சொல்லுங்கள். அப்படிக் கோத்தால் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும்.

6. நான்கு மணி நேர ஒத்திகை

கண்ணாடி முன் ஐந்து நிமிடம் நிற்பதற்குப் பெயர் ஒத்திகை அல்ல. வரவேற்பு எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரம், அதே உடையில், நகை முழுவதும் அணிந்து வீட்டில் நடமாடுங்கள். குனியுங்கள், சாப்பிடுங்கள், வீட்டிலுள்ள நால்வரைக் கட்டித் தழுவுங்கள். வரவேற்பில் அதுதான் அதிகம் நடக்கும்.

கம்மலில் இருந்து தொடங்குவோம். பழைய ஃபேஷன் கம்மல்கள் பெரும்பாலும் காதில் துளை கேட்காதவை: ஒன்று கிளிப், இல்லையென்றால் பின்னால் திருகிக் காதுமடலை அழுத்துவது. கிளிப் ஒரு மணி நேரம் வரை தொல்லை தராது. இரண்டாம் மணியில் காது சிவக்கும், மூன்றாம் மணியில் முகத்தில் சிரிப்பு போய்விடும். புகைப்படத்தில் அது தெரியும். இங்கேதான் தராசு. ஒரு கம்மல் பத்து கிராமைத் தாண்டினால் அதை நுழைவுக்கும் படம் எடுப்பதற்கும் மட்டும் வைத்துக்கொண்டு, உணவு வேளைக்கு இலகுவான இன்னொரு ஜோடியை ஒதுக்குவது என் வழக்கம். கிளிப்பின் உட்பக்கம் ஒட்டும் ரப்பர் மெத்தைகள் கிடைக்கும், கட்டாயம் வாங்குங்கள். கிளிப்பைத் தளர்த்த இடுக்கியால் வளைக்காதீர்கள். பழைய வில் வளையாது, முறியும்.

புரோச்சின் சிக்கல் எடை. மெல்லிய துணியில் குத்தினால் தலை கவிழ்ந்து தரையைப் பார்க்கும். துணியின் உட்புறம் ஒரு ஃபெல்ட் துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள்; முடிந்தால் தையல் விளிம்பின்மேல். பூட்டில்லாத ஊசி என்றால் வளைவைத் தாண்டி நீளும் ஊசி முனையில் கம்மலுக்குப் பின்னால் போடும் ரப்பர் அடைப்பானைச் செருகுங்கள். கட்டித் தழுவும்போது எதிராளியையும் அது காப்பாற்றும்.

ஊசியே இல்லாத உடைக் கிளிப்புகள் 1930-களில் மிகவும் பரவின. கோரோ நிறுவனத்தின் ‘டூயெட்’ வகையில் இரண்டு கிளிப்புகள் ஒரு சட்டத்தில் சேர்ந்து புரோச்சாக மாறும்; பிரித்தால் கழுத்தின் இரு மூலைகளில் மாட்டலாம். அவற்றின் பற்கள் பட்டுத் துணியையும் லேஸையும் கிழிக்கும். துணி விளிம்பின்மேல் ஒரு ரிப்பன் மடித்து வைத்துவிட்டு மாட்டுங்கள்.

தோல் அரிப்பு உங்களுக்கு உண்டு என்றால் ஒத்திகையில் தெரிந்துவிடும். பழைய நகைகளில் நிக்கல் சாதாரணம். நிக்கல் சோதனைத் திரவம் தொட்ட பஞ்சை உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் இருக்குமிடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். தோலில் படும் பின்பக்கத்தில் மட்டும் நிறமற்ற நகப்பூச்சைத் தடவலாம், கல்லின்மேல் படாமல். ஒவ்வாமை கடுமையானது என்றால் அந்த நகையைப் பூச்செண்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

7. புரோச் பூச்செண்டு

அணிய முடியாத நகைக்கெல்லாம் இதில் இடம் உண்டு: உடைந்த ஊசி, ஒற்றைக் கம்மல், பாட்டியின் அலமாரியில் கிடந்த பொத்தான். ஆனால் கணக்கு போட்டுவிட்டு இறங்குங்கள். ஒரு புரோச் 25 கிராம் என்றால் ஐம்பது புரோச் 1,250 கிராம். கம்பியும் பிடியும் தனி. ஒன்றரைக் கிலோவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும். இருபது புரோச்சும் நடுவே துணிப் பூக்களும் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஒவ்வொரு புரோச்சின் பின்பக்கச் சட்டத்திலும் பூ அலங்காரக் கம்பியைக் கோத்து, முறுக்கித் தண்டாக்கி, பச்சை நாடா சுற்றுங்கள். பசை போடாதீர்கள், ஊசியை வெட்டாதீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பிரித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியவை இதில் இருக்கும். நிஜப் பூவோடு கலப்பதும் ஆகாது. பூவுக்கு ஈரம் வேண்டும், நகைக்கு ஈரம் ஆகாது.

8. மேசை அலங்காரமும் இரவல் நகையும்

மேசை நடுவில் பழைய நகைகளைப் பரப்பும் யோசனை பலருக்கும் வரும். மெழுகுவர்த்தியும் பக்கத்திலேயே இருக்கும். அங்கே ஓர் ஆபத்து உண்டு: 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சீப்பு, வளையல், கொண்டை ஊசிகளில் பல செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கால் ஆனவை. அது சட்டென்று தீப்பற்றும். விரலால் தேய்த்துச் சூடாக்கினால் கற்பூர வாசனை வரும்; வந்தால் அதை மெழுகுவர்த்தி மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். தலையில் செருகியிருந்தாலும் மெழுகுவர்த்தி ஏற்றக் குனியக் கூடாது.

குழந்தைகள் எட்டும் உயரத்திலும் வேண்டாம். பழைய உலோகக் கலவைகளில் ஈயம் இருக்கலாம். கைக்குக் கிடைத்ததைக் குழந்தை வாயில் வைக்கும்.

உறவினர்கள், தோழிகள் தந்த நகைகளுக்கு நோட்டில் ஒரு பக்கம். வாங்கும்போதே முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து, எண் இட்டு, ஏற்கெனவே விழுந்திருந்த கற்களையும் கொடுத்தவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘நான் கொடுக்கும்போது கல் இருந்தது’ என்ற ஒரு வாக்கியத்தால் பல வருட உறவு கசந்ததைப் பார்த்திருக்கிறேன்.

9. அன்றைய மாலை

வாசனைத் திரவியம், முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே, முகப்பவுடர் எல்லாம் முடிந்து பத்து நிமிடம் கழிந்த பிறகு நகை. ஸ்ப்ரேயின் பசை கல்லின்மேல் படிந்தால் மங்கும். வாசனைத் திரவியம் முத்தின் தோலை உரிக்கும். ஒப்பனை செய்பவரிடம் இதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அவர் கடைசியாக ஒரு முறை ஸ்ப்ரே அடிக்க வருவார். அது அவர் கைப்பழக்கம்.

நிகழ்ச்சி நிரலில் நகை மாற்றத்துக்கு ஏழு நிமிடம் எழுதுங்கள். நுழைவும் படங்களும் முடிந்து உணவுக்கு உட்காரும் முன் அந்த இடைவெளி வர வேண்டும். எழுதாவிட்டால் கிடைக்காது, பந்தியில் உட்கார்ந்தபின் மணமகளை யாரும் எழ விட மாட்டார்கள்.

அவசரப் பையை ஒருவரிடம் ஒப்படையுங்கள், மணமக்களிடம் அல்ல. ரப்பர் மெத்தை, ரப்பர் அடைப்பான், ஊக்கு, ஊசி நூல், ஜிப் பை, இலகுவான மாற்றுக் கம்மல். பசையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. கல் விழுந்தால் பையில் போட்டு, எந்த நகையில் எந்த இடம் என்று எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருங்கள். ஒரு கல் குறைவதைக் கூட்டத்தில் யாரும் எண்ண மாட்டார்கள். பசை உலராமல் உடையில் ஒட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

10. கழற்றும்போது

உடை மாற்றும் முன் நகை கழற்றுங்கள். தலைவழியாக உடையைக் கழற்றும்போது பிடுங்கிப் போன புரோச்சுகளும் கிழிந்த லேஸும் ஏராளம்.

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். வியர்வை பட்ட நகையை அப்படியே மூடி வைத்தால் களிம்பு தொடங்கும். காற்றில் ஓர் இரவு கிடக்கட்டும். மறுநாள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெல்லிய தாளில் சுற்றுங்கள். புரோச்சின் ஊசியை மூடி, முத்து மாலையைத் தொங்கவிடாமல் படுக்க வைத்து. ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், ரப்பர் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். செல்லுலாய்டு தனிப் பெட்டியில், காற்று போகும்படி. மூடிய பெட்டியில் அது விடும் ஆவி பக்கத்து உலோகத்தை அரித்துவிடும்.

பிறகு நோட்டை எடுங்கள். பெயர், எண், படம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அந்த வாரத்துக்குள் உரியவர்களிடம் நேரில் கொடுத்து, அவர்கள் கண் முன்னாலேயே அந்த வரியை அடித்துவிடுங்கள். விழுந்த கல் இருந்தால் அதன் ஜிப் பையையும் சேர்த்து.